மூன்றாவது தகடு

அக்டோபர் கடைசி வாரத்தில் துராபியை அடக்கம் செய்தார்கள். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, ஒன்பது வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, அவருடைய மனைவி செனெம் தன் கையால் கணப்பை மூட்டினாள். நாலு தீக்குச்சி வீணானது. ஐந்தாவதில் பிடித்தது.

துருக்கியின் கிழக்கு எல்லையில் இருக்கும் கார்ஸ் ஊரில், முன்பு ஆண்ட ரஷ்யர்கள் கட்டிவிட்டுப் போன கருங்கல் வீடுகளில், கணப்பு என்பது அறையின் மூலையில் கொண்டுவந்து வைத்த சாமான் அல்ல. அது சுவரோடு சுவராக நிற்கும் ஒரு தூண். தரையிலிருந்து கூரைவரை செங்கல், மேலே தகரப் போர்வை. மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில் கட்டியிருப்பதால் ஒவ்வோர் அறைக்கும் அதன் ஒரு முகம் கிடைக்கும். வாய் மட்டும் ஒன்றுதான், நடையில். வாய்க்கு மேலே வரிசையாக மூன்று இரும்புத் தகடுகள். ஒரு தகட்டை இழுத்தால் நெருப்பின் சூடு அந்த அறையின் முகத்துக்குள் ஏறிப் போகும். தள்ளினால் நின்றுவிடும். விறகும் வறட்டியும் கரியும் எரிந்து, தணலின்மேல் ஆடும் நீல நாக்கு அடங்கியதும், எல்லாத் தகடுகளையும் தள்ளி மூடிவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் விஷப்புகை வீட்டுக்குள் வரும். தாமதித்தால் சூடெல்லாம் வானத்துக்குப் போகும். பார்த்து மூடினால் செங்கல் அந்தச் சூட்டை மறுநாள் காலைவரை வைத்திருந்து கொடுக்கும்.

முதல் தகடு உட்காரும் அறைக்கு. இரண்டாவது படுக்கையறைக்கு. மூன்றாவது கிழக்கறைக்கு.

கிழக்கறை இப்போது செனெமுடைய பாதியில் இல்லை. துராபியின் தம்பி புன்யாமினுக்குப் போன பாதியில் இருக்கிறது. நடையின் குறுக்கே பொறைக்கல் என்னும் துளைவிழுந்த லேசான கல்லை வைத்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அவனுக்கு வாசல் அடுத்த தெருவில். கணப்பின் கிழக்கு முகம் அவன் அறையில் நிற்கிறது, வாயும் தகடுகளும் இவர்கள் நடையில். மூன்றாவது தகடு ஒன்பது வருடமாக மூடியே கிடக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பழைய வீட்டுச் சுவரைத் துளைத்து எரிவாயுக் குழாய் இழுக்க அனுமதி கிடைக்கும். அதனால் தெருவில் எல்லா வீட்டுக்கும் எரிவாயு வந்தும் அந்த ஒரு வீட்டுக்கு வரவில்லை.

அண்ணன் தம்பி சண்டைக்கும் வீடு இரண்டானதற்கும் காரணம் கிழக்கறைதான். சகோதரர்களின் தகப்பனார் ஹைதர் அங்கேதான் படுத்திருந்தார், எண்பத்து நாலு வயது, நெஞ்சுச் சளி. ஒரு பிப்ரவரி விடியற்காலையில் இறந்துகிடந்தார். நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த புன்யாமின், இரவெல்லாம் மலைச்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்து நேராக அந்த அறைக்குள் போனான். தகப்பனாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கணப்பின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தான். தகரம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. முற்றத்தில் துக்கத்துக்கு வந்து நின்ற நாற்பது பேருக்கு முன்னால் அண்ணனைப் பார்த்துச் சொன்னான்: “உன் ரெண்டு அறைக்கும் சூடு போயிருக்கு. அப்பா அறைக்குப் போகல. குளிர்ல விறைக்க விட்டுக் கொன்னுட்டே.”

இதயம் நின்றுபோனதுதான், குளிர் அல்ல என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. துராபி ஒரே ஒரு தடவை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஏழாம் நாள் முடிந்ததும், “இனிமே என் நெருப்பிலேர்ந்து ஒரு இழை புகைகூட அந்தப் பக்கம் போகாது” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்றிலிருந்து கணப்பு மூட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். செனெம் தகடுகளைத் தொடுவதையே அவர் விரும்பவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள். அந்த இரவு கிழக்கறைத் தகட்டை மூடியவள் அவள்தான்.

கிழவருக்கு மூச்சு முட்டியது. “வேகுதும்மா, அதை மூடு” என்று கேட்டார். சாயங்கால நெருப்பில் அவள் மூன்றாவது தகட்டைத் தள்ளி வைத்தாள். படுக்கப் போகுமுன் திறக்கலாம் என்றிருந்தாள். மாவு பிசைந்து வைத்துவிட்டு அயர்ந்து தூங்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இதை அவள் கணவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. முற்றத்தில் அந்த ஒரு பார்வைதான்.

இப்போது அவரும் இல்லை. அந்த இரவைப் பற்றித் தெரிந்த உயிர் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

நவம்பரில் அவளை மிகவும் தொந்தரவு செய்தது தகரத்தின் சத்தம். சூடேறும்போதும் ஆறும்போதும் தகரப் போர்வை டக், டக் என்று சொல்லும். துராபி இருந்த காலத்தில் விடியற்காலைத் தூக்கத்தில் அது காதில் விழுந்து அவள் புரண்டால், “தகரம் சோம்பல் முறிக்குது. நீ தூங்கு” என்று நடையிலிருந்து சொல்வார். இப்போது தூக்கமும் இல்லை, அப்படிச் சொல்ல ஆளும் இல்லை. அவள் வாய்க்கதவைத் திறந்து சாம்பலை வாரத் தொடங்கியதும் சத்தமும் தொடங்கிவிடும். டொக், டொக், டொக். நிற்கும். மறுபடி டொக், டொக், டொக். ஒரு நாள் அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்து, காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கணப்பின்மேல் எறிந்தாள். “சும்மா இரு, சனியனே! என்னை விடு!” என்று கத்தினாள். அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. டிசம்பரில் எப்போதாவது கேட்கும் டக்கோடு நின்றுவிட்டது.

இன்னொரு விஷயமும் அவளுக்குப் புரியவில்லை. துராபி ஒரு கூடை விறகு, பத்து வறட்டி, இரண்டு தகர டப்பா கரி என்று அளவு வைத்திருந்தார். அவளும் அதே அளவுதான் போட்டாள். ஆனால் இரண்டு அறைகளும் குளியல் கூடம் மாதிரிக் கொதித்தன. வெளியே மைனஸ் இருபத்தைந்து, உள்ளே அவள் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“ஜன்னலைத் திறந்து வெச்சா? அம்மா, கார்ஸையே சூடாக்கப் போறியா?” என்றாள் பூர்சா நகரத்திலிருந்து போனில் பேசிய மகள் ஆய்சுன்.

“கொஞ்சமாப் போட்டா அணைஞ்சிடுமோன்னு பயமா இருக்குடி.”

“நீ இங்க வந்துடு. இங்க சுவத்துல ஒரு சக்கரம் இருக்கு, திருகினா சூடு. மிச்ச நேரம் உக்காந்து நாடகம் பாரு.”

“நாடகம் இங்கயும் வருது.”

“பேசறதுக்கு ஆள் வேணாமா?”

“யாரோட பேசணும்? உன் மாமியாரோடயா?”

ஆய்சுன் சிரித்துவிட்டாள். செனெமும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, அன்று முழுக்கத் தான் பேசியது அவ்வளவுதான் என்று கணக்கானது.

ஜனவரியில் படுக்கையறைத் தகரத்தின் இணைப்பில் ஒரு விரிசல் விட்டு, அதிலிருந்து நூல் மாதிரிப் புகை கசிந்தது. கணப்பு மேஸ்திரி எர்தாலைக் கூப்பிட்டாள். வாய் ஓயாத மனிதர். தேநீர் வந்ததும் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசினார்.

“அக்கா, இதுக்கு என்ன தீனி போடறீங்க?”

அளவைச் சொன்னாள்.

“அட! மூணு பேர் சாப்பாட்டை ரெண்டு பேருக்கு ஊட்டியிருக்கீங்க. வயிறு வெடிக்காம என்ன பண்ணும்?”

“அவர் போட்ட அளவுதான் மேஸ்திரி. அவர் இருந்தவரைக்கும் வெடிக்கலையே.”

“அவர் மூணு அறைக்குப் போட்டிருப்பாரு.”

“ரெண்டு அறைதான். மூணாவது தகடு ஒன்பது வருஷமா மூடிக் கிடக்கு. உங்களுக்குத் தெரியாதா, ஊருக்கே தெரியும்.”

மேஸ்திரி சர்க்கரையைக் கடித்து முழுங்கிவிட்டு எழுந்து நடைக்குப் போனார். விளக்கைத் தகடுகளின் மேல் அடித்தார். மூன்று கைப்பிடிகளில் இரண்டு தேய்ந்து பளபளத்தன. மூன்றாவதும் அப்படியே பளபளத்தது. அவர் அதை இழுத்தார். சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போவது மாதிரி, வெளியே வந்தது. விரலை உள்ளே விட்டு எடுத்துக் கரியைக் காட்டினார்.

“ஒன்பது வருஷம் மூடியிருந்தா இதை இழுக்க ரெண்டு ஆளும் சுத்தியலும் வேணும். இது பஞ்சு மாதிரி இருக்கற கரி. போன இலையுதிர்காலத்துப் புகை. ஊருக்குத் தெரிஞ்சது ஊரோட போகட்டும், கரிக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா.”

செனெம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பகலில் எப்போது பார்த்தாலும் மூன்று தகடுகளும் மூடித்தான் இருக்கும். நெருப்பு எரியும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எது திறந்திருந்தது என்று தெரியும். அந்த நேரத்தில் ஒன்பது வருடமாக அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நானும் இனிமே திறந்துடட்டுமா?” என்று கேட்டாள்.

“ஐயையோ, சட்டுனு திறந்துடாதீங்க. அந்தப் பக்கம் புகை ஏறற புழை மூணு மாசமா ஆறிக் கிடக்கு. உள்ள இருக்கற குளிர்காத்து புகையை ஏறவிடாது, உங்க கொழுந்தனார் அறைக்குள்ளயே தள்ளிவிட்டுடும். அந்தப் பக்கம் கீழ ஒரு சின்னக் கரிக்கதவு இருக்கும். அதுல அவர் முதல்ல காகிதத்தைக் கொளுத்திப் புழையை சூடு பண்ணி, கதவை இறுக்கி மூடணும். அப்புறம்தான் நீங்க இந்தப் பக்கம் இழுக்கணும். ரெண்டு கை வேணும்க்கா. ஒருத்தரால ஆகாது.”

“அப்படின்னா ஒவ்வொரு வருஷமும்...”

“ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பேரும் சொல்லி வெச்சுத்தான் பண்ணியிருக்கணும்” என்றார் மேஸ்திரி. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்திக் களிமண் குழைக்கப் போனார்.

சொல்லி வைத்து என்றால் எப்படி? அவர்கள் தெருவில் எதிரே வந்தால் ஒருவர் மற்றவருக்கு முதுகைக் காட்டி மறுபக்கம் போவார்கள். துராபியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த புன்யாமின்கூட துக்கத்தின் மூன்று நாளும் முற்றத்துப் பனியில் நின்றானே தவிர வாசல்படி ஏறவில்லை. செனெம் அன்று மாலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் கை நின்றது. டொக், டொக், டொக். சாம்பல் வாரும் சத்தம் கேட்டதும் தொடங்கும். சனியனே என்று கத்தியதும் குறைந்தது. தகரம் திட்டினால் ரோஷப்படுமா?

மறுநாள் காலை மேஸ்திரி சொன்னபடி தீனியைக் குறைத்து மூட்டினாள். நெருப்பு பிடித்ததும் சாம்பல் கரண்டியின் காம்பால் கணப்பை மூன்று தடவை தட்டினாள். காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். தகரம் தன் பாட்டுக்கு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சொடுக்கியது. வேறு எதுவும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பின்ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் வீட்டுத் தகரக் குழாயிலிருந்து மெலிந்த புகை ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது. ஆள் இருக்கிறான்.

மூன்றாம் நாள் உப்புக்கண்டம் போட்ட வாத்துக்கறியை வேகவைத்து, கோதுமை ரவைச் சோற்றின்மேல் வைத்து, தட்டைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரே கூரைதான். ஆனால் தெருவைச் சுற்றிக்கொண்டு உறைபனியில் அடிமேல் அடி வைத்துப் போகக் கால் மணி நேரம் ஆனது.

புன்யாமின் கதவைத் திறந்தான். சவரம் செய்யாத முகம். பழைய அரசாங்கக் கோட்டுதான் மேலே, வீட்டுக்குள்ளேயே.

“அண்ணி” என்றான். பிறகு, “யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றான்.

“சாகறதுக்கு இனிமே யார் இருக்கா? வழியை விடு தம்பி, தட்டு ஆறுது.”

உள்ளே சமையலறையில்தான் அவன் குடித்தனம். ஒரு சின்னத் தகர அடுப்பு, அதை ஒட்டிக் கட்டில், கட்டிலை ஒட்டித் தொலைக்காட்சி. கிழக்கறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் கம்பளி அடைத்திருந்தான். அவள் கேட்காமலேயே அந்தக் கதவைத் திறந்தாள். மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. கணப்பின் முகத்துக்கு முதுகை ஒட்டினாற்போல ஒரு மரநாற்காலி. அதன் நேரே தகரத்தில் பெயிண்ட் தேய்ந்து ஓர் ஆளின் முதுகு அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது.

“எத்தனை வருஷமா?” என்று கேட்டாள்.

“முதல் குளிர்காலத்துலேர்ந்தே. ஒருநாள் விடியக்காலம் மூணு தட்டு தட்டினார். எலின்னு நினைச்சேன். மறுநாளும் மூணு. அப்புறம் புரிஞ்சுது. காகிதம் கொளுத்தி மூடிட்டு ரெண்டு தட்டினேன். திறந்துட்டார். அவ்வளவுதான். தினமும் அவர் மூணு, நான் ரெண்டு.”

“பேசவே இல்லையா?”

“என்னத்தைப் பேச? நான் சொன்ன வார்த்தை அப்படி. அவர் போட்ட சபதம் அப்படி. ரெண்டு பேரும் கழுதைங்க.” கட்டிலில் உட்கார்ந்தான். “அவர் போனப்புறம் நான் தட்டினேன் அண்ணி. நாப்பது நாள் தட்டினேன். நீங்க சனியனேன்னீங்க.”

“ஐயோ, தகரத்தைச் சொன்னேன்!”

“என்னை விடுன்னீங்க.”

“தகரம் சோம்பல் முறிக்குதுன்னு உங்க அண்ணன் ஒன்பது வருஷம் சொல்லி வெச்சிருக்கார். எனக்கு எப்படித் தெரியும்? செருப்பாலகூட அடிச்சேன்.”

“அதுவும் கேட்டுது” என்றான் புன்யாமின். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரிப்புத்தான். தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கரண்டியை எடுத்தான். இப்படியே எழுந்து போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக் காலையில் மூன்று தட்டினால் இவன் இரண்டு தட்டுவான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

சாத்தாத கிழக்கறைக் கதவு வழியாகக் குளிர் வந்து காலைத் தொட்டது. அந்த அறையில் கட்டில் கிடந்த இடம் அவளுக்குத் தெரியும்.

“தம்பி, அன்னைக்கு மாமா அறைத் தகட்டை மூடினது நான்.”

அவன் கரண்டி நின்றது.

“மூச்சு முட்டுது, மூடுன்னார். மூடினேன். திறக்கணும்னு இருந்தேன், தூங்கிட்டேன். உங்க அண்ணன் அதைத் தொடவே இல்லை.”

அவன் கேட்டான்: “அண்ணனுக்குத் தெரியுமா?”

“நீ முற்றத்துல சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. என்னைப் பார்த்தார்.”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லலை. என்கிட்டயும் கேக்கலை.”

புன்யாமின் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். எழுந்து போய்க் கிழக்கறைக் கதவைச் சாத்தினான். கம்பளியைக் குனிந்து மறுபடி அடியில் அடைத்தான். அதை ஒழுங்காக அடைக்க அவனுக்கு நேரம் பிடித்தது. திரும்பாமலேயே சொன்னான்.

“வழுக்கும். பாத்துப் போங்க.”

அவள் தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்தாள். தட்டு அங்கேயே இருந்துவிட்டது.

மறுநாள் காலை மூட்டிவிட்டு மூன்று தட்டினாள். பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆய்சுன் போனில், “குரல் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டாள். “குளிர்” என்றாள் செனெம். புன்யாமினிடம் உண்மையைச் சொன்னது தப்போ என்று அவள் யோசிக்கவில்லை. அதை யோசித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் பதில் வராத சுவருக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று யோசிக்கவில்லை. நாற்பது நாள் இதேபோல உட்கார்ந்திருந்த ஒருத்தன் அந்தப் பக்கம் இருக்கிறான் என்பது மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வந்தது. அதனால் நிறுத்தாமல் தட்டினாள். நெருப்புக்கு இரண்டு அறை அளவுதான் போட்டாள். மூன்றாவது தகட்டைத் தொடவில்லை. அவன் கை சேராமல் அதைத் திறந்தால் புகைதான் போகும்.

ஒன்பதாம் நாள் மைனஸ் முப்பது. தட்டிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல், தேநீர்க் கெண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வாசனை வந்தது. விறகு இல்லை, வறட்டி இல்லை. செய்தித்தாள் கருகும் வாசனை. நடைக்கு ஓடி வந்து மூன்றாவது தகட்டின் இடுக்கில் மூக்கை வைத்தாள். அங்கிருந்துதான். பிறகு அந்தப் பக்கம் கீழே ஒரு சின்ன இரும்புக் கதவு இறுக்கிச் சாத்தும் சத்தம்.

இரண்டு தட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வெண்ணெயில் போவது போல வந்தது. நெருப்பு ஒரு நொடி தயங்கி, பிறகு புதுவழி கண்டு அந்தப் பக்கம் சாய்ந்து ஏறியது.

அன்று அவள் போட்டிருந்தது இரண்டு அறைக்கான தீனி. அது மூன்றாகப் பங்கானதில் உட்காரும் அறையில் பத்து மணிக்கே கால் சில்லிட்டது. துராபியின் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாளைக்கு முழுக் கூடை போட வேண்டும். வறட்டி பத்து. கரி இரண்டு டப்பா.

தேநீரை எடுத்துக்கொண்டு வந்து நடையில், பொறைக்கல் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. பிறகு டக். சற்றுக் கழித்து இன்னொரு டக். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எண்ணினாள். அளவில்லாமல், முறையில்லாமல், எங்கெங்கோ சொடுக்கியது.

தகரம்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த முகம் சூடேறிக்கொண்டிருந்தது.